ஆம்பூரில் எந்தக் கடையில் சாப்பிடுவது?

சனி, ஞாயிறு விடுமுறைக்கு ஏலகிரி மலைக்குப் போய்விட்டுச் சென்னைப் பக்கம் திரும்புகிறவர்கள், வழியில் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் போவது அபூர்வம். கடந்த மாதம் நண்பர்கள் நான்கு பேர் நாங்களும் அப்படித்தான் இறங்கினோம்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய உணவகங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுது, பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய், தயிர் வெங்காயம். அரிசியைத் தனியே வேகவைத்து வடித்து, கறியோடு சேர்த்து, மூடியின் மேல் தணல் போட்டுத் தம் விடுகிறார்கள். அங்கே போங்கள், குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத மாட்டுக்கறி பிரியாணிக் கடைகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன.

கடைத்தெருவுக்குள் விசாரித்துக்கொண்டு போனோம். இரண்டு பெஞ்சு போட்ட சின்னக் கடை. தோல் தொழிற்சாலைத் தொழிலாளர், மூட்டை தூக்குபவர், கல்லூரி மாணவர் என எல்லோரும் தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்கறி பிரியாணியைவிட விலை நன்றாகவே குறைவு. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க வேலை பார்க்கும் ஒருவருக்கு வயிறு நிறையக் கறி கிடைப்பது இந்த விலையில்தான்.

எங்களில் ஒருவர், விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வீட்டிலிருந்து வந்த மாட்டுக்கறியை 'மட்டன்' என்று சொல்லியே மூன்று வருடம் சாப்பிட்டவர். இங்கே வாசலிலேயே, "அண்ணே, நாலு பீஃப்" என்றார். சத்தம் கொஞ்சம் அதிகம்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஊரிலேயேதான் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரில் தினமும் விற்கிற உணவு, அரசு பந்தலுக்குள் வரும்போது மட்டும் எப்படி வேண்டாததாகிறது? அதைச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் இஸ்லாமியர்களும் என்பதை விட்டுவிட்டு இதற்குப் பதில் தேட முடியாது.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். கடைகளிலும் உணவகங்களிலும் நுழைவதைச் சாதி, மதம் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. தனி டம்ளர் வைக்கும் டீக்கடை உங்கள் ஊரில் இருந்தால், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் புகார் செய்ய வழி உண்டு.

ஆம்பூர் போனால் மதியத்தைத் தாண்டவிடாதீர்கள். சின்னக் கடைகளில் சட்டி சீக்கிரம் காலியாகிவிடும். நாங்கள் எழுந்தபோது அடி தட்டிக்கொண்டிருந்தார்கள். நண்பர் அம்மாவுக்கு ஒரு பார்சல் கட்டச் சொன்னார், கத்தரிக்காய் தனியாக.