ஜாஸ் கேட்கப் பழகுதல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் பெருஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டியவுடன் வரும் சந்தாபுராவில், காலை நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களில், தாய்மொழி தமிழாயினும் கன்னடமாயினும் தெலுங்காயினும், காதில் பாட்டு ஒலிக்காதவர் அபூர்வம். இவர்களுக்குச் சங்கீத ஞானம் போதாது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று நிமிஷப் பாப் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, டிரம்ஸ் எங்கே ஓய்கிறது, பேஸ் கிடார் எங்கே நுழைகிறது என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவனுடைய காது, ஒரு பெரிய சங்கீதத்தை ஏற்கும் பக்குவத்தை ஏற்கெனவே அடைந்துவிட்டது. அதன் வாசலை அவனுக்குக் காட்டுவாரில்லை என்பதே குறை.

நான் சொல்வது ஜாஸை. அடிமைத்தளையிலிருந்து சட்டப்படி விடுபட்டும் அவமதிப்பிலிருந்து விடுபடாத அமெரிக்கக் கறுப்பின மக்கள், தங்கள் தேவாலயப் பாடல்களையும் ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டையும் பாண்டு வாத்தியங்களையும் ஒன்றுசேர்த்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வளர்த்தெடுத்த சங்கீதம் அது. 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் குழு ஒன்றின் பெயரால் வந்தது என்பது சரித்திரம் இழைத்த அநீதி. ஆனால் அந்நகரத்தில் 1901-இல் வறுமையில் பிறந்த லூயி ஆர்ம்ஸ்ட்ராங், அந்த இசைத்தட்டு வந்த பத்தாண்டுகளுக்குள் தமது டிரம்பெட்டினால், தனி வாத்தியக்காரரின் கற்பனையே இக்கலையின் உயிர்நாடி என்று உலகத்துக்கு ஸ்தாபித்துக் காட்டினார்.

பாப் ரசிகர்கள் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜாஸ் வித்வான்கள் பெரும்பாலும் தங்கள் காலத்து ஜனரஞ்சகப் பாட்டுகளைத்தான், நாடக மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1959-இல் அரங்கேறிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில் குழந்தைகளுக்கும் பிடிக்கும்படி அமைந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற எளிய மெட்டை, அடுத்த ஆண்டே ஜான் கோல்ட்ரேன் தம் சோப்ரானோ சாக்ஸபோனில் எடுத்து, பதினான்கு நிமிஷத்துக்குச் சற்றே குறைவான விஸ்தாரமாக ஆக்கினார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு என்பதனாலேயே, அவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று பின்தொடர ரசிகனால் முடிந்தது. பாப் பாட்டுக்கும் ஜாஸுக்கும் ஜன்மப் பகை என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பதிவு ஒன்றைக் கேட்டால் போதும்.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஜாஸ் வித்வான் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' பதிவைப் போட்டுக் காட்டியபோது, இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்போ மாமா ஆரம்பிக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. பாட்டு ஆரம்பித்து, மெட்டும் முடிந்து, வித்வான்கள் அதன்மேல் தங்கள் சொந்தக் கற்பனையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நம் கச்சேரியில் பல்லவியின் ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு வித்வான் கல்பனாஸ்வரம் பாடுவதும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசுவதும் எவ்வாறோ, அவ்வாறே ஜாஸிலும் முதலில் மெட்டு, பிறகு ஒவ்வொருவராக மனோதர்மம், கடைசியில் மறுபடி மெட்டு. பெரிய வித்தியாசம் என்னவென்றால், நம் சங்கீதத்தில் தம்பூராவின் ஆதார ஸ்ருதி அசையாமல் நிற்க, ராகம் அதன்மேல் உலவுகிறது. ஜாஸிலோ பியானோ வாசிக்கும் கார்டுகள், அதாவது ஒருங்கே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே வட்டமிட, அந்த மாற்றத்துக்கு இசைவாக வாசிப்பவர் கணத்துக்குக் கணம் புது வழி தேட வேண்டியிருக்கிறது.

'ஸோ வாட்' என்பதை நான் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1959-இல் பதிவான 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் முதல் உருப்படி இது. அடிக்கடி மாறும் கார்டுகளை மைல்ஸ் டேவிஸ் இதில் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, ஒரே ஸ்வர வரிசையில் நிதானமாகத் தங்கினார். அந்த வரிசைக்கு மேல்நாட்டார் டோரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் ஸ்வர ஸ்தானங்கள் நம் கரஹரப்ரியாவுக்கு உரியவையே. 'இரு மலர்கள்' படத்தில் 'மாதவிப் பொன்மயிலாள்' கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருக்க நியாயமில்லை, கமகமில்லாத கரஹரப்ரியா என்பதைத் தவிர. முதலில் பேஸ் வாத்தியம் ஒரு கேள்வி போல மெட்டைச் சொல்ல, பியானோ இரண்டே கார்டுகளில் பதில் சொல்கிறது. பிறகு அந்தப் பதிலை டிரம்பெட்டும் சாக்ஸபோன்களும் ஏற்றுக்கொள்கின்றன. பதினாறு தாளவட்டம் கழிந்ததும் எல்லாம் அப்படியே அரை ஸ்வரம் மேலே ஏறி, எட்டு வட்டம் அங்கே நின்று, மறுபடி இறங்கிவிடுகிறது. அந்த ஏற்றத்தை ஒருமுறை காது கண்டுகொண்டுவிட்டால், பிறகு வருகிற ஏழு நிமிஷத்திலும் வழி தவறாது. அந்த மாணவி மூன்றாம் முறை கேட்கையில், ஏறும் இடத்தில் தானாகவே விரலை உயர்த்தினாள்.

லயத்தில் ருசியுள்ளவர்கள் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' என்பதிலிருந்து தொடங்கலாம். பால் டெஸ்மண்ட் இயற்றிய அந்த உருப்படி ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. மூன்றும் இரண்டுமாக விழும் அந்த நடை, கண்ட சாபு பழகியவர்களுக்குத் தடுமாற்றம் தராது. 1958-இல் இந்தியா வந்த அந்தக் குழு சென்னைக்கும் வந்தபோது, அதன் டிரம்ஸ் வாத்தியக்காரர் ஜோ மோரெல்லோ, மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையோடு அமர்ந்து வாசித்தார். மறு ஆண்டு 'டேக் ஃபைவ்' பதிவாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பு வீண்போயிருக்கும் என்று நம்பவும் மனம் வரவில்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பெங்களூரிலேயே இதற்கு ஒரு பெருமைமிக்க அத்தியாயம் இருக்கிறது. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணியும் அவர் மனைவி, பாடகி ஆர்.ஏ. ராமமணியும் முன்னின்று நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியக் கலாசாலை, பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து, 1983-இல் 'ஜோதி' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தது. மரியானோ நம் நாகஸ்வரத்தின்மேல் மோகம் கொண்டு, இந்தியாவுக்கு வந்து அதைக் கற்று, தம் ஜாஸ் பதிவுகளிலேயே வாசித்தவர். அதனால்தான் 'ஜோதி'யில் ராமமணியின் ராக சஞ்சாரத்தின் அருகே அவருடைய சாக்ஸபோன் வந்து நிற்கும்போது, ஒரு விருந்தாளியின் கூச்சம் அதில் தென்படுவதில்லை. அதே கலாசாலையில் தவில் பயின்ற சென்னைக்காரர் ரமேஷ் ஷோத்தம், ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள ஜாஸ் மேடைகளில் தவிலின் நாதத்தை ஒலிக்கச் செய்தார். ஜாஸ் நம் ஊருக்கு ஓட்டல் நடனக்கூடத்தின் வழியாக மட்டும் வந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தச் செய்தி தெரிய வேண்டும்.

சினிமாப் பாட்டை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்பவர்களுக்கும் வழி உண்டு. 1997-இல் வந்த 'இருவர்' படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஆஷா போன்ஸ்லே பாடிய 'வெண்ணிலா வெண்ணிலா', ஹரிணி குரலில் வந்த 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' ஆகிய இரண்டும் ஜாஸ் நடையை நன்றாகவே உள்வாங்கியவை. சாக்ஸபோன் ஒலித்தாலே ஜாஸ் என்று கொள்வது மட்டும் பிழை. 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்தது அதே வாத்தியம்தான், ஆனால் அதில் ஒலிப்பது கர்நாடக சங்கீதம்.

இப்போது பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஊருக்குள் போய்வர ஏறக்குறைய 'ஸோ வாட்' என்னும் ஒன்பது நிமிஷப் பதிவைச் சில தடவை கேட்கும் நேரம் ஆகும். சந்தாபுராவின் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது: ஒரே ஓர் உருப்படியைத் தேர்ந்துகொள்ளுங்கள், பாதியில் தாண்டாமல் கடைசி வரைக்கும் கேளுங்கள், இரண்டாம் முறை பேஸ் வாத்தியத்தை மட்டும் காதால் பின்தொடருங்கள், மூன்றாம் முறை டிரம்ஸை. பெற்றோர்களே, அவர்கள் கேட்டு முடிக்கும் வரையில் தயவுசெய்து சரித்திரம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.