வீட்டில் கற்ற பாடம்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நற்பழக்கங்களைக் கற்பிக்கவே இதனை நாம் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். ஆனால் தொட்டிலில் கிடந்தபடி குழந்தை கண்ட கொடுமையும், அதன் இளமேனியில் விழுந்த அடியும் அதனோடு சேர்ந்தே வளர்ந்து, அது இல்லறம் ஏற்கும் நாளில் அப்புதிய வீட்டிற்குள்ளும் நுழையக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கணவன் மனைவியை அடித்தால் குடியைக் குறை கூறுகிறோம். வறுமையைக் குறை கூறுகிறோம். அடிபட்டவளின் வாயைக் குறை கூறவும் தயங்குவதில்லை. அடித்தவனின் பிள்ளைப் பருவம் எப்படி இருந்தது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வியை மருத்துவ உலகம் கேட்டிருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை, வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் இரு மருத்துவர்களின் தலைமையில், 17,000-க்கும் மேற்பட்டோரிடம் அவர்கள் குழந்தைப் பருவத்தில் பட்ட துன்பங்கள் கேட்டறியப்பட்டன. அவர்களுள் 8,629 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2003-இல் வெளியாயிற்று. சிறு வயதில் அடிபட்டது, பாலியல் கொடுமைக்கு ஆளானது, தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்தது ஆகிய மூன்றில் ஒவ்வொன்றும், பிற்காலத்தில் ஒரு பெண் தன் துணைவனால் தாக்கப்படும் அபாயத்தையும், ஓர் ஆண் தன் துணைவியைத் தாக்கும் அபாயத்தையும் ஏறக்குறைய இரு மடங்காக்குவதை அது காட்டியது. மூன்றும் ஒருசேர நேர்ந்திருந்தால் அவ்வபாயம் பெண்களுக்கு 3.5 மடங்கு, ஆண்களுக்கு 3.8 மடங்கு.

அது மேலைநாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இலங்கை உள்ளிட்ட ஆறு நாடுகளில் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஐக்கிய நாடுகள் அமைப்பு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இத்தொடர்பையே எடுத்துரைத்தது. நம் நாட்டில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 சிறார்களிடம் நடுவண் அரசு மேற்கொண்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்களுள் மூவரில் இருவர் உடல் ரீதியான கொடுமைக்கு ஆளானவர்கள். குடும்பத்திற்குள் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர் பெற்றோரே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதிற்குட்பட்ட மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்த பெண்களிடையே இத்தொகை மிகுதி என்பதையும் அவ்வாய்வு கூறத் தவறவில்லை.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? மூன்று வழிகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பார்த்துக் கற்றல். 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பந்துரா என்னும் உளவியலறிஞர், பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடித்து உதைப்பதைச் சிறுவர்களுக்குக் காட்டினார். பின்னர் அவர்களுள் பலரும் அவ்வாறே அடித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளை காண்பதோ பொம்மையை அன்று. தந்தை கை ஓங்குகிறார், தாய் அடங்குகிறாள், சற்று நேரத்தில் அவளே சோறு பரிமாறுகிறாள், மறுநாள் எதுவுமே நடவாதது போல் வீடு விடிகிறது. அடித்தால் காரியம் கைகூடும், அடித்தவருக்கு ஒரு குறையும் வராது என்னும் பாடத்தை அப்பிள்ளைக்கு எவரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, அச்சத்தில் ஊறிய உடல். எப்போது அடி விழுமோ என்று நாள்தோறும் காத்திருக்கும் குழந்தையின் நரம்புகள் என்றும் விழித்தே இருக்கப் பழகிவிடுகின்றன. வளர்ந்த பின்னரும், மனைவியின் ஒரு சிறு மறுமொழிகூட அவனுக்குத் தாக்குதலாகத் தோன்றும். சிந்தனை எழுமுன் கை எழுந்துவிடும்.

மூன்றாவது, அன்பைப் பற்றிய தவறான எண்ணம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அழும் குழந்தைக்கு ஆறுதல் சொல்கிறோம். அதை நம்பி வளர்ந்த பெண்மகள், கணவன் அடிக்கும்போதும் அதையே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். வலியும் பாசமும் ஒன்றாகவே வரும் என்று கற்பிக்கப்பட்டவளுக்கு, ஆபத்தை ஆபத்தென்று அறியும் புலன் மழுங்கிவிடுகிறது.

ஆயினும் இதனைத் தலைவிதி என்று எண்ணிவிடலாகாது. கேத்தி விடோம் என்னும் அறிஞர், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 சிறார்களின் பிற்கால வாழ்வை, அவ்வாறு ஆளாகாத 667 பேரின் வாழ்வோடு ஒப்பிட்டு 1989-இல் முடிவுகளை வெளியிட்டார். முன்னவருள் நூற்றுக்கு 26 பேரும் பின்னவருள் 17 பேரும் சிறார் பருவத்தில் குற்றத்திற்காகக் கைதாகியிருந்தனர். வேறுபாடு உண்மை. ஆனால் கொடுமைக்கு ஆளான நூற்றுவரில் 74 பேர் அவ்வழி செல்லவில்லை என்பதும் அதே அளவு உண்மை. எனவே, அடிபட்டு வளர்ந்த இளைஞனைக் கண்டு அஞ்சி விலகுவது அநீதி. என் தந்தை அடித்தார், ஆகவே நானும் அடிக்கிறேன் என்பதும் சாக்குப்போக்கே. காரணத்தை அறிவது வேறு, குற்றத்தை மன்னித்து விடுவது வேறு. அடிக்கும் கைக்கு அக்கையை உடையவனே பொறுப்பாளி. அடிபடுபவள் ஒருபோதும் அல்லள்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டுவது யாது?

பெற்றோரே, அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைத் தொழுவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீதிமொழிகள் நூலில் வரும் பிரம்பைச் சுட்டிக்காட்டுவோர், பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்படி நடத்தலாகாது என்று கொலோசையருக்கு எழுதிய திருமடலில் புனித பவுல் தந்தையரை எச்சரிப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாலையில் செபமாலை ஒலிக்கும் அதே அறையில் இரவில் அடியின் ஓசையும் கேட்குமானால், பிள்ளை எதை நம்பும்?

தாய்மாரே, பிள்ளைகளுக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். உங்கள் தியாகத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நீங்கள் பொறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் ஒன்றைக் கற்கிறான். மகள் மற்றொன்றைக் கற்கிறாள். உயிருக்கு ஆபத்தான வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்று திருச்சபை கட்டளையிடவில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பெருந்தீங்கு விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் சட்டம் இடமளிக்கிறது. மனைவியர்மீது இழைக்கப்படும் வன்முறை திருமண ஒன்றிப்பின் இயல்புக்கே முரணானது என்பதைத் திருத்தந்தை பிரான்சிசும் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் வலியுறுத்தினார்.

நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் மட்டுமன்று, அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம்; நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்கு வராது. மகளிர் உதவிக்கு 181, சிறார் உதவிக்கு 1098 என்னும் எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். குழந்தைமீது பாலியல் கொடுமை நிகழ்ந்தது தெரிந்தால் அதனைக் காவல் துறைக்கு அறிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி கடமை. குற்றவாளி உறவினராயினும், ஆசிரியராயினும், குருவாயினும் இதில் விலக்கில்லை. குடும்ப மானம் கருதி மூடி மறைத்தால், அக்குழந்தை அக்கொடுமையைத் தன்னந்தனியே சுமந்துகொண்டு வளரும்.

மணமுடிக்க இருக்கும் இளைஞரே, சீரும் செலவும் பேசும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கும் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் கோபம் வந்தால் என்ன நடக்கும், நீங்கள் அதை எப்படித் தாங்கினீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். இளமையில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்று உணர்ந்தால், திருமணத்திற்கு முன்பே மனநல ஆலோசகரை நாடுங்கள். எலும்பு முறிந்தால் மருத்துவரிடம் செல்ல வெட்கப்படுவதில்லையே!

துன்புறும் பிள்ளைகளை மீட்டெடுப்பதில் முதலிடம் பெறுவது, நம்பத்தக்க ஒரு பெரியவரின் அன்பு என்பது இத்துறையில் பணியாற்றுவோரின் அனுபவம். அவர் பாட்டியாக இருக்கலாம், ஆசிரியையாக இருக்கலாம், மறைக்கல்வி கற்பிக்கும் அக்காவாகவும் இருக்கலாம். உங்கள் தெருவிலும் இரவில் கதவுக்குப் பின்னால் உறங்காமல் நடுங்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அதற்கு அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.