நரம்பு டாக்டரா, ரத்தநாள டாக்டரா?

காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும் வரை நின்றபடியே பார்க்கும் தொழில் நம்முடையது. வயது ஏற ஏறக் கெண்டைக்காலில் நீலக் கயிறு முறுக்கியதுபோல் புடைத்துக்கொள்கிறது. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். அந்தப் பேச்சை நம்பி நரம்பு டாக்டரிடம் போய் அலைகிறவர்கள் உண்டு. சுருள்வது நரம்பே அல்ல. ரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் சிரை. அதிலுள்ள வால்வு பழுதானால் ரத்தம் காலிலேயே தேங்குகிறது. இதைப் பார்ப்பவர் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது வாஸ்குலர் சர்ஜன்.

சுருட்டலுக்குப் பெரும்பாலும் அவசரமில்லை. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டால்தான் ஆபத்து. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டை இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு இந்த வலிகூடத் தெரியாமல் போகலாம். விரல் கறுத்த பிறகோ, புண் வாரக்கணக்கில் ஆறாதபோதோதான் விழிப்போம். பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ‘விரலை எடுக்க வேண்டும், காலை எடுக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால், ‘ரத்த ஓட்டம் பார்த்தீர்களா, அடைப்பை நீக்க வழி உண்டா?’ என்று கேளுங்கள். சீழ் ஏறி உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மட்டும் காத்திருக்க முடியாது.

சரி, ஆளை எங்கே தேடுவது? முதலில் உங்கள் வழக்கமான டாக்டரிடமே கடிதம் வாங்குங்கள். கால் ரத்தநாளங்களுக்கான டாப்ளர் ஸ்கேன் பெரும்பாலான மாவட்டத் தலைநகர்களில் எடுக்கிறார்கள். போர்டில் பட்டத்தைப் படியுங்கள்: பொது அறுவை எம்.எஸ். முடித்து, அதற்குமேல் வாஸ்குலர் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஆர்.என்.பி. பெற்றவரே இத்துறைக்கென்று படித்தவர். ‘இதயம், நெஞ்சு, ரத்தநாளம்’ என்று சேர்த்து எழுதியிருந்தால், கால் சிகிச்சை எத்தனை செய்கிறார் என்று விசாரிப்பதில் தவறில்லை. புதுக் கம்பெனி சரக்கு எடுக்கும்போது நாம் கேட்காத கேள்வியா!

வாரம் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவரானால், ஆபரேஷனுக்குப் பிறகு இரவில் தொந்தரவு வந்தால் யார் பார்ப்பது என்பதையும் கேட்டு வையுங்கள். அரசுத் தரப்பில் சென்னை ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது. தனியாரில் வேலூர் சி.எம்.சி.யைச் சொல்லலாம்.

மருந்துக் கடையில் இறுக்கமான காலுறையை நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள். தமனியில் அடைப்பிருந்தால் அது கெடுதலே செய்யும்.

திடீரென்று ஒரு கால் சில்லிட்டு வெளுத்துக் கடுமையாக வலித்தால், ‘சாயங்காலம் கணக்கு முடித்துவிட்டுப் போகலாம்’ என்று இருக்க வேண்டாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பினால்தான் கால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலும் அன்றே காட்டுங்கள். உள்ளே கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். ஆம்புலன்சுக்கு 108. அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் சிகிச்சை அதில் சேருமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.