பூனையும் பூந்தொட்டியும்

ஹஜ்ரத் அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஒரு முறை உளூச் செய்வதற்காக மருமகளார் கப்ஷா அம்மையார் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். அப்போது பூனையொன்று வந்தது. அபூகத்தாதா (ரலி) அவர்கள் அதனை விரட்டவில்லை. அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். வியந்து நோக்கிய மருமகளாரிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மிடையே சுற்றித் திரியும் பிராணியே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இந்நிகழ்ச்சி காணப்படுகிறது.

சுற்றித் திரிவது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பவானியின் ஓட்டு வீடுகளில் பூனை கூரை வழியே வரும், ஜமுக்காளத்தில் உறங்கும், சந்து வழியே போய்விடும். இன்றோ மாடி வீட்டில் கதவடைத்து வளர்க்கின்றோம். அடைபட்ட பூனைக்குக் கடிக்கப் புல் ஏது? அழகுக்காக நாம் வைத்த தொட்டிச் செடிதான் உண்டு.

அச்செடிகளுள் சில நஞ்சு. அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும். கேரளத்தில் அரளியை மென்றதால் ஓர் இளம்பெண் இறந்தார் என்ற ஐயம் எழுந்தபின், 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் கோயில் நைவேத்தியத்தில் அப்பூவை விலக்கின. மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கும், சைக்கஸும் கொல்லக் கூடியவை. மணிபிளான்ட் பெரும்பாலும் வாயெரிச்சலோடும் எச்சில் வடிதலோடும் நின்றுவிடும்.

பூனைக்கு மிகக் கொடியது லில்லியம். நீலகிரியின் பசுமைக்குடில்களில் விளைந்து, பூச்செண்டாக நிக்காஹ் மேடைக்கு வரும் அதே மலர்! மகரந்தம் உரோமத்தில் படிந்தால், உடலை நக்கித் தூய்மை செய்யும் பூனையின் வயிற்றுக்குள் அது சென்றுவிடும். ஜாடித் தண்ணீரும் ஆபத்தே. ஓரிரு நாள்களில் சிறுநீரகம் செயலிழக்கும். நாய்க்கு இவ்வாறு நேர்வதில்லை. உயரத்தில் வைத்திருக்கிறோம் என்பர் சிலர்; பூனை ஏறாத உயரம் எது?

கடித்ததைக் கண்டால் வாந்திக்கும் சோர்வுக்கும் காத்திராதீர்கள். செடியின் ஒரு துண்டோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். காலத்தே நரம்பு வழி திரவம் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. உப்புநீர் புகட்டாதீர்கள். பாரசிட்டமால் தரவே கூடாது. அதுவே பூனைக்கு நஞ்சாகும்.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானாள் என்று புகாரீ, முஸ்லிம் கிரந்தங்களில் வருகிறது. அடைத்து வைத்தவர் மீதே பொறுப்பு முழுதும் விழுகிறது. “நஞ்சென்று அறியாமல் வைத்தோம்” எனலாம். இன்று அறிந்துகொண்டோமே!

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பதும் நபிமொழியே. நம் வீட்டுத் தொட்டியிலிருந்து பூனை உண்ணும் வாய் எதுவாக இருக்கிறது? லில்லியை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அரளியைப் பூனையும் ஆடுமாடும் குழந்தைகளும் எட்டாத இடத்திற்கு மாற்றுங்கள். காலியான தொட்டியில் ஒரு பிடி கோதுமையைத் தூவுங்கள். ஒரு வாரத்தில் பூனைக்குக் கடிக்கப் பசும்புல் கிடைத்துவிடும்.