நோவும் மனமும்

மன்னார் நகருக்குத் தெற்கே, சிலாவத்துறையை அடுத்துள்ள கரையிலே கொண்டச்சிக் குடா அமைந்திருக்கின்றது. முத்துக் குளிப்பு நடைபெற்ற அந்நாள்களில், வெறும் மணல்வெளியாய்க் கிடந்த அவ்விடம் சில வாரங்களுக்குப் பெரும் பட்டினமாகிவிடும். மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கிய குளிகாரர் நீரின் ஆழத்துக்கு அஞ்சினாரல்லர், சுறாவுக்கே அஞ்சினர். 'கடல் கட்டி' எனப்பட்ட மந்திரவாதி சுறாவின் வாயைக் கட்டினாலன்றி அவர்கள் கடலில் இறங்க மறுத்தனர். இச்செய்தியை எமர்சன் டெனன்ட் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலில் குறித்துள்ளார். அம்மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதரின் அச்சத்தைக் கட்டிற்று.

அச்சமும் நம்பிக்கையும் மனிதனின் துணிவை மாற்றுவது போல, அவன் உடல் நோவையும் மாற்றுமா? இவ்வினாவுக்கு இரண்டாம் உலகப் போர் ஒரு விடையைத் தந்தது. போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற வீரர்களிற் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டாமலிருந்ததைக் கண்டு, 1946 இல் அதனை எழுதினார். அவ்வீரனுக்குக் காயம் என்பது போர்க்களத்தினின்றும் கிடைத்த விடுதலை. காயத்தின் அளவு மட்டுமன்றி, அக்காயம் அவன் வாழ்வில் தரும் பொருளும் நோவை நிர்ணயிக்கின்றது என்று பீச்சர் கருதினார்.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இருவர் 1965 ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் கூறினர். முதுகுத்தண்டினுள் ஒரு வாயில் இருப்பதாகக் கொள்க. காயத்திலிருந்து வரும் நரம்புச் செய்தி அதனூடாகவே மூளையை அடைகின்றது. மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளோ அவ்வாயிலை ஒடுக்கவும் விரிக்கவும் வல்லன. அச்சமும் கவலையும் அதனை அகலத் திறக்கும். அமைதி அதனைச் சாத்தும். இக்கொள்கை பின்னர்ச் சில திருத்தங்களைப் பெற்றதாயினும், அதன் சாரம் நிலைத்து நிற்கின்றது. நோவைத் தணிக்கும் பொருள்களை மூளை தானே சுரக்கின்றது என்பதும் 1975 இல் வெளியாயிற்று.

எனவே, காயமே இல்லாத இடத்தும் நோவு தோன்றலாம். அந்நோவு பொய்யன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நம் மக்கள் மனத்துயரைத் துயர் என்று சொல்லி வருவது அரிது. தலையிடி, நெஞ்சு நோவு, உடல் உளைவு என்றே சொல்லி வருவர். அவர்களது உடலே துயரைப் பேசுகின்றது. இத்தகையோருக்கு மருந்தோடு, அவரவர் மரபில் வேரூன்றிய அமைதிப் பயிற்சிகளையும் அவர் பயன்படுத்தினார். மூச்சை ஒழுங்குபடுத்துதல், சைவர்க்கு ஜெபம், இஸ்லாமியர்க்குத் திக்ரு, கத்தோலிக்கர்க்குச் செபமாலை என அவை அமைந்தன. தமக்குப் பழகிய சொல்லிலே மனம் எளிதில் ஒடுங்கும் என்பது இதன் அடிப்படை.

கொண்டச்சி உள்ளிட்ட முசலிப் பகுதிக்கு இது புறம்பான செய்தியன்று. 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இப்பகுதி மக்களும் வீடு வாசலை விட்டகன்றனர். பலர் புத்தளத்தில் இரு தசாப்தங்கள் அகதிகளாய் வாழ்ந்து, 2009 இல் போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கினர். கரையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இழப்பு ஒன்றிரண்டன்று. இத்தகையோர் காரணந் தெரியாத நோவோடு வைத்தியசாலைக்கு வருவாராயின், முதலில் உடலை நன்கு பரிசோதித்தல் வேண்டும். மனத்தின் மேற் பழிபோட்டு உடல்நோயைத் தவறவிடலாகாது. உடலிற் குறை காணப்படாவிடினும், "உமக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுதல் முறையன்று. அச்சொல்லைக் கேட்டுத் திரும்புபவர் நோவோடு அவமானத்தையும் சுமந்து செல்கின்றார்.

உறக்கம் எப்படி, உணவு எப்படி, மனத்தில் என்ன பாரம் என்று ஒருவர் அமர்ந்து கேட்பாராயின், வைத்தியத்தின் முதற்படி அங்கே தொடங்கிவிடுகின்றது. அன்று கடலில் இறங்கியவனுக்குக் கரையில் ஒருவர் தனக்காக நிற்கின்றார் என்ற உறுதி வேண்டியிருந்தது. நோவுற்றவருக்கு இன்றும் அதுவே வேண்டும்.