பத்து நிமிடம் பழைய எண்

2020 நவம்பர் 25, புதன்கிழமை. அமெரிக்காவில் மறுநாள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் கிளவுட் மையங்களில் அன்று விடிவதற்கு முன் கினிசிஸ் என்ற சேவைக்குக் கூடுதலாகச் சில சர்வர்களைச் சேர்த்தார்கள். வழக்கமாக நடக்கிற வேலைதான். ஆனால் அந்தச் சேவையின் முன்வரிசை சர்வர் ஒவ்வொன்றும், மற்ற முன்வரிசை சர்வர்கள் எல்லாவற்றோடும் பேச ஆளுக்கொரு த்ரெட், அதாவது தனி இயக்க இழை, வைத்திருந்தது. சர்வர்கள் கூடியதும் எல்லாவற்றிலும் த்ரெட் எண்ணிக்கை ஏறி, இயங்குதளத்தில் வைத்திருந்த வரம்பைத் தாண்டிவிட்டது. கினிசிஸ் தடுமாற, அதை நம்பியிருந்த சேவைகளும் வரிசையாகத் தடுமாறின.

அவற்றில் ஒன்று கிளவுட்வாட்ச். அமேசான் கிளவுடில் ஓடும் சர்வர், டேட்டாபேஸ், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் எல்லாவற்றையும் அளந்து சொல்லும் சேவை அது. வந்து குவியும் அளவுகளைக் கையாள அதுவும் கினிசிஸையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் வைத்திருந்த அலாரங்கள் ‘போதிய தரவு இல்லை’ என்ற நிலைக்குப் போயின. எந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று வெளியுலகுக்கு அறிவிக்கும் பக்கத்தைத் திருத்தும் கருவியோ, அதே நேரத்தில் பாதிக்கப்பட்ட காக்னிட்டோ என்ற இன்னொரு சேவையை நம்பியிருந்தது. இதையெல்லாம் அமேசானே பிறகு வெளியிட்ட விளக்கத்தில் மறைக்காமல் எழுதியது.

கண்காணிக்கும் கருவி, கண்காணிக்கப்படும் அமைப்புக்குள்ளேயே இருந்தால் இரண்டும் ஒரே நாளில் விழும். அதனால்தான் பல நிறுவனங்களில் பொறியாளர்கள் ஒரு வேலையைச் செய்கிறார்கள். கிளவுட் நிறுவனம் எடுத்துவைக்கும் அளவுகளைத் தங்கள் கைவசம் உள்ள ஒரு திறமூலக் கண்காணிப்பு மென்பொருளுக்கு இடைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பார்த்தால் வெறும் நகலெடுப்பு மாதிரி இருக்கும். வழியில் அந்த எண்களுக்கு என்னென்ன நேர்கிறது என்று கவனித்தால், கணினித் துறையின் மிக நுட்பமான சிக்கல்களில் ஒன்றாகவே எனக்குப் படுகிறது.

இதற்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ப்ரொமீதியஸ். 2012-இல் பெர்லினில், சவுண்ட்கிளவுட் என்ற இசைப் பகிர்வு நிறுவனத்தில் மாட் ப்ரவுடும் ஜூலியஸ் வோல்ஸும் இதைத் தொடங்கினார்கள். இருவரும் அதற்கு முன் கூகுளில் வேலை பார்த்தவர்கள். கூகுள் தன் உபயோகத்துக்கு வைத்திருந்த போர்க்மான் என்ற கண்காணிப்பு அமைப்புதான் அவர்களுக்குத் தூண்டுதல். 2015 ஜனவரியில் ப்ரொமீதியஸ் பரவலாக அறிவிக்கப்பட்டது. 2016-இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன், குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாக இதைச் சேர்த்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி, ஒரே ஒரு கணினியில் ஓட்டலாம்.

ப்ரொமீதியஸின் வழக்கம், தானே போய்க் கேட்பது. சர்வர்கள் அதற்கு எதையும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு சர்வரும் தன் அளவுகளை ஒரு சாதாரண வலைப்பக்கமாகத் திறந்து வைத்திருக்கும். ப்ரொமீதியஸ் 15 விநாடிக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை வந்து வாசித்துவிட்டுப் போகும். வீட்டு மின் மீட்டரில் ரீடிங் எடுப்பது போலத்தான். மீட்டர் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. ரீடிங் எடுப்பவர் வந்து, இப்போதைய எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழித்தால் செலவான யூனிட் வந்துவிடுகிறது. ஒரு முறை அவர் வராமல் போனாலும் யூனிட் எதுவும் தொலைந்துபோகாது. அடுத்த ரீடிங்கில் சேர்ந்து வந்துவிடும். இப்படி ஏறிக்கொண்டே போகிற எண்ணுக்குக் கவுண்டர் என்று பெயர். நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது போல ஏறியும் இறங்கியும் வருகிற எண் கேஜ். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினால் கவுண்டர் பூஜ்யத்துக்குப் போய்விடுமே என்றால், அதற்கும் வழி உண்டு. ஏற மட்டுமே வேண்டிய எண் திடீரென்று குறைந்திருந்தால் இடையில் மறுதொடக்கம் நடந்திருக்கிறது என்று ப்ரொமீதியஸ் புரிந்துகொண்டு, கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு வரிக்கு ஓர் அளவு. முதலில் பெயர், பிறகு சுருள் அடைப்புக்குள் எந்தச் சர்வர், எந்தப் பிராந்தியம், எந்த வகைக் கோரிக்கை என்று சொல்லும் லேபிள்கள், கடைசியில் ஓர் எண். அவ்வளவுதான். கணினி படிப்பதை அப்படியே நாமும் படிக்கலாம். பெரிய அமைப்புகள் பலவற்றின் நிலவரம் இத்தனை எளிய வரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வந்த எண்களைச் சேமிக்கிற விதம் இதைவிட அழகு. ஓர் அளவுக்கு நேரம் 8 பைட், மதிப்பு 8 பைட், ஆக 16 பைட் வேண்டும். 2015-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் கொரில்லா என்ற தங்கள் அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அந்த 16 பைட்டைச் சராசரியாக 1.37 பைட்டாகச் சுருக்கிக் காட்டியிருந்தார்கள். 15 விநாடிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தால், அடுத்த ரீடிங்கும் 15 விநாடி கழித்துத்தான் வரும். அப்படி வந்துவிட்டால் நேரத்தை எழுதவே வேண்டாம். ‘எதிர்பார்த்தபடி வந்தது’ என்பதற்கு ஒரே ஒரு பிட், ஒரு பூஜ்யம், போதும். அவர்கள் தரவில் 96 விழுக்காடு நேரங்கள் இந்த ஒற்றைப் பிட்டில் அடங்கின. மதிப்பையும் முந்தைய மதிப்போடு பிட் பிட்டாக ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் எழுதினார்கள். மாறவே இல்லையென்றால் அதற்கும் ஒரு பிட்தான். ஏறக்குறைய பாதி மதிப்புகள் அப்படி இருந்தன. இந்த உத்தியைத் தழுவிக்கொண்ட ப்ரொமீதியஸும் ஓர் அளவுக்குச் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு பைட் வரைதான் செலவழிக்கிறது. ஆயிரம் அளவுகளை 15 விநாடிக்கு ஒருமுறை எடுத்தால் நாளொன்றுக்கு 57,60,000 எண்கள் சேரும். இரண்டு பைட் என்றே வைத்துக்கொண்டாலும் அத்தனையும் 12 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவும் நம் சொந்தச் சர்வர்களுக்குப் பொருந்தும். கிளவுட் நிறுவனமே நடத்தித் தரும் டேட்டாபேஸ், லோட் பேலன்சர் போன்றவற்றுக்குள் நாம் போய் எதையும் நிறுவ முடியாது. அவற்றின் அளவுகளை அந்த நிறுவனம் தன்னிடம் எடுத்துவைத்துக்கொண்டு, கேட்டால் கொடுக்கிறது. அமேசானுக்குக் கிளவுட்வாட்ச் போல கூகுளுக்கும், சென்னையில் ஒரு பிராந்தியம் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் அஸூருக்கும் தனித்தனிச் சேவைகள் உண்டு. ஆகவே நடுவில் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு மென்பொருளை நிறுத்துகிறார்கள். ப்ரொமீதியஸ் வந்து கேட்கும்போது அது கிளவுட் நிறுவனத்திடம் கேட்டு, வந்த பதிலை அந்த எளிய வரிகளாக மாற்றிக் கொடுக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கிளவுட்வாட்சில் ஒரு நிமிடத்தின் கணக்கு அந்த நிமிடம் முடிந்தவுடன் நிலைபெற்றுவிடுவதில்லை. பல இடங்களிலிருந்து வரும் அளவுகள் சேரச் சேர எண் மாறிக்கொண்டிருக்கும்; அடங்குவதற்குச் சில நேரம் பல நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் அரைகுறை எண் கிடைக்கும். அதனால் ப்ரொமீதியஸ் திட்டத்தின் கிளவுட்வாட்ச் எக்ஸ்போர்ட்டர் ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கிறது. நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, 600 விநாடிக்கு முந்தைய அளவையே கேட்கும். பத்து நிமிடம் பழசு, ஆனால் அடங்கிய எண். அதை இன்றைய எண் என்று பூசி மெழுகாமல், அது உண்மையில் எந்த நேரத்துக்கு உரியதோ அந்த நேரத்தையும் சேர்த்தே கொடுக்கும்.

ப்ரொமீதியஸோ ‘இப்போது எவ்வளவு?’ என்று கேட்டால் வழக்கமாக ஐந்து நிமிடம் வரைதான் பின்னால் திரும்பிப் பார்க்கும். அதைவிடப் பழைய எண்ணை நிகழ்கால எண்ணாக ஏற்காது. பத்து நிமிடம் பழைய எண், ஐந்து நிமிடப் பார்வை. விளைவு, வெறும் திரை. எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தும் புதிதாக அமைப்பவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். கேள்வியில் ‘பத்து நிமிடத்துக்கு முன் எவ்வளவு?’ என்று மாற்றிக் கேட்டதும் எண்கள் வந்துவிடும். நேரத்தை ஒட்டாமல் கொடுக்கும்படியும் எக்ஸ்போர்ட்டரை அமைக்கலாம். திரை உடனே நிரம்பும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய எண்ணுக்குப் புதிய தேதி போட்டால், பழுது நடந்த நாளில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்ற வரிசையே குழம்பிவிடும்.

இரண்டாவது மாற்றம் இன்னும் நுட்பமானது. கிளவுட்வாட்ச் கொடுப்பது ஏறிக்கொண்டே போகும் மீட்டர் எண் கிடையாது. ஒவ்வொரு கால அளவுக்கும் கூட்டுத்தொகை, சராசரி, உச்சம், தாழ்வு என்று முடித்த கணக்கைத்தான் கொடுக்கிறது. ஆகவே எக்ஸ்போர்ட்டர் எல்லாவற்றையும் கேஜாகவே எழுதும். ஒரு நிமிடத்தின் ரீடிங் தவறினால், இங்கே அது அடுத்த ரீடிங்கில் சேர்ந்து வராது, போனது போனதுதான். கவுண்டருக்கென்று உள்ள ப்ரொமீதியஸ் சூத்திரத்தை இதன்மேல் போட்டால் ஏதோ ஒரு எண் வரும். ஆனால் அதற்குப் பொருள் இருக்காது. சராசரிகளின் சராசரியும் அப்படித்தான். பத்துக் கோரிக்கை வந்த சர்வரின் சராசரியையும் பத்தாயிரம் வந்த சர்வரின் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, மௌனம். அமேசானின் லோட் பேலன்சர் தன் பக்கத்துப் பிழைகளை எண்ணிக் கிளவுட்வாட்சுக்குச் சொல்லும். பிழை எதுவும் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று சொல்லாது, எதுவுமே சொல்லாது. அப்படியானால் வெற்றிடம் என்பது பிழையே இல்லை என்ற நல்ல செய்தியா, இல்லை வழியில் ஏதோ அறுந்துவிட்டதா? எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. பக்கத்திலேயே மொத்தக் கோரிக்கை எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். கோரிக்கைகள் வந்துகொண்டிருக்க, பிழை வரி மட்டும் காலியாக இருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. இரண்டும் காலி என்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கிளவுட்வாட்சிடம் ஆயிரம் அளவுகளைக் கேட்கப் பல பிராந்தியங்களில் ஒரு அமெரிக்க சென்ட்தான் கட்டணம். அற்பமாகத் தெரியும். ஆனால் ஆயிரம் அளவுகளை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நாளுக்கு 14.40 டாலர், 30 நாளில் 432 டாலர். அமேசானின் வாடகைச் சர்வர்கள் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளவு தருகின்றன. அவற்றை நிமிடந்தோறும் கேட்பது வீண். எது வேண்டும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வேண்டும் என்று பொறுக்கி எடுப்பதுதான் இந்த வேலையின் பாதித் திறமை.

இத்தனை தொல்லைக்கு மத்தியிலும் இதைச் செய்வது தகும் என்றே நினைக்கிறேன். கிளவுட்வாட்ச் ஒரு நிமிட அளவுகளை 15 நாள்தான் வைத்திருக்கும். அதன்பின் ஐந்து நிமிடக் கணக்கு 63 நாள் வரை, ஒரு மணி நேரக் கணக்கு 455 நாள் வரை என்று நுணுக்கம் கரைந்துகொண்டே போகும். ப்ரொமீதியஸும் தானாக 15 நாள்தான் வைத்திருக்கும்; ஆனால் அந்த எண்ணை மாற்றும் உரிமை நம்முடையது. நீண்ட காலத்துக்குச் சேமிக்க தானோஸ் போன்ற திறமூலத் துணைகளும் உண்டு. கிளவுட்வாட்ச் நின்றால் அதிலிருந்து வரும் எண்களும் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நின்ற நிமிடம் வரையிலான வரலாறு நம் கையில் இருக்கும். அதன் பக்கத்திலேயே நம் செயலி நேரடியாகத் தரும் அளவுகள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே திரையில், ஒரே நேர அச்சில் பார்க்கிறவருக்கு, பழுது தன்னுடையதா கிளவுட் நிறுவனத்துடையதா என்று சொல்ல அதிக நேரம் ஆகாது.

ஒரு எச்சரிக்கை உண்டு. ப்ரொமீதியஸ் ஒவ்வொரு இலக்கையும் வாசித்தபின் ‘கிடைத்தது’ என்பதற்கு 1, ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு 0 என்று தானே எழுதிவைக்கும். எக்ஸ்போர்ட்டர் நடுவில் இருக்கும்போது அந்த 1, எக்ஸ்போர்ட்டர் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்குப் பின்னால் உள்ள டேட்டாபேஸைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கிளவுட்வாட்சிடம் கேட்டதில் பிழை நேர்ந்ததா என்று எக்ஸ்போர்ட்டர் தனியாக ஒரு வரி எழுதும். அதற்கும் ஓர் அலாரம் வைக்க வேண்டும்.

சரி, ப்ரொமீதியஸே நின்றுபோனால்? அதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகப் பிடித்தது. எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலாரத்தை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அது முற்றிலும் வேறோர் இடத்தில் ஓடும் இன்னொரு சேவைக்கு இடைவிடாமல் போய்ச் சேர வேண்டும். வராமல் போனால் அந்தச் சேவை ஆளை எழுப்பும். நீங்கள் சிறியதோ பெரியதோ ஒரு தளத்தை நடத்துகிறீர்கள் என்றால், வண்ண வண்ண வரைபடங்களுக்குப் போகுமுன் இந்த ஓர் அலாரத்தை வைத்துவிடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சேவை, உங்கள் கிளவுட் நிறுவனத்துக்கு வெளியே இருக்கட்டும்.