உங்களுக்குத் தெரியுமா? காற்று அடுக்கும் பனி

ஆல்ப்ஸ் மலையில் பெரும்பனி கொட்டி ஓய்ந்து, வானம் வெளுத்த மறுநாள்தான் பனிச்சறுக்குக்காரர்களுக்குக் கண்டம். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, முகட்டின் மறுபுறம் குவித்துவிடும். அங்கே அது இறுகிப் பலகைபோல் படியும். அடியில் பிடிப்பில்லாத உதிரிப்பனி இருந்தால், ஓர் ஆளின் எடைக்கே விரிசல் ஓடி மொத்தமும் இறங்கும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் இது நடக்கும். காலடியில் ‘வூம்ப்’ என்று அமுங்கிய சத்தம் கேட்டால் உடனே திரும்பிவிட வேண்டும். அடியடுக்கு நொறுங்கும் ஓசை அது.

ஐரோப்பாவில் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை 5 படிகளாக அறிவிக்கிறார்கள். சாவு அதிகம் விழுவது 5-இல் அல்ல (அன்று யார் மலைக்குப் போகிறார்கள்?), நடுவிலுள்ள 3-இல்தான். சிக்குபவர்களில் பெரும்பாலோரைப் புதைப்பது, அவர்களோ கூட வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிய பனிச்சரிவே.